மூலை சேராத போர்வை

ஒரு கேள்வி கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் யோசித்துப் பாருங்கள். யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல், பரீட்சை, புரமோஷன் என்று எதுவும் இல்லாமல், நீங்களாக உட்கார்ந்து கையால் ஒரு பொருளைச் செய்தது கடைசியாக எப்போது? அதை வெளி ஆள் யாரிடமாவது காட்டினீர்களா? காட்டும்போது என்ன சொன்னீர்கள்?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவதற்கு மட்டும் தமிழ்நாடு முழுக்க ஒரே பதில்தான். "சும்மா... டைம் பாஸுக்குப் பண்ணினது... அவ்வளவு நல்லா வரலை."

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய காட்டன் புடவைகள், வீட்டுக்காரரின் கிழிந்த சட்டைகள், பேத்திக்குச் சின்னதாகிப் போன கவுன்கள் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, சேர்த்துத் தைத்து, ஒட்டுப் போர்வை செய்கிறார். ஆங்கிலத்தில் க்வில்ட் என்பார்களே, அது. முறையாக எங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. நாலு போர்வை முடித்து, நாலையும் பீரோவின் அடித்தட்டில் நாப்தலின் உருண்டையோடு பூட்டி வைத்திருந்தார். வற்புறுத்திக் கேட்ட பிறகு ஒன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாருங்க தம்பி, இந்த மூலை சேரவே இல்ல. இந்த வரிசை கோணல். இந்தப் பச்சை சாயம் விட்டுடுச்சு. இங்க நூல் சுருக்கிக்கிச்சு..."

அவர் சொல்லியிருக்காவிட்டால் இதில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது. எனக்கு அது ஒரு நல்ல போர்வை, அவ்வளவுதான். அவர் சொல்லி முடித்தபோது என் கண்ணுக்குப் போர்வையே தெரியவில்லை. தப்புகளின் பட்டியல் மட்டும்தான் தெரிந்தது.

இதை நாம் அடக்கம் என்கிறோம். நல்ல குணம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. அதைப் பேசத்தான் இந்த வாரம்.

அதற்கு முன்னால் மூலை ஏன் சேரவில்லை என்று பார்த்துவிடலாம். காமர்ஸ் படித்தவனுக்குக் கணக்கு போடாமல் தூக்கம் வராது.

ஒட்டுப் போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த துணி. நடுவில் மெல்லிய பஞ்சு. அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் பிடித்து நிறுத்த மேலிருந்து கீழ்வரை ஓட்டுத் தையல். இதில் வம்பு பிடித்த இடம் மேல் அடுக்குதான். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பது வழக்கம். ஒரு வரிசையில் 16 சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் கை சற்றே விலகி, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டால் இரண்டு பக்கத்துத் துணியிலும் அது குறையும். அதாவது இணைப்புக்கு அரைக்கால் அங்குலம். 15 இணைப்புக்கு ஏறத்தாழ 2 அங்குலம்! அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் எப்படி ஐயா சேரும்?

பதினாறில் ஒரு பங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத பிசகு. கூட்டு வட்டி மாதிரி அல்ல, தனி வட்டிதான். ஆனாலும் கழுத்தைப் பிடிக்கிறது. இதற்கு வழியும் உண்டு. ஒரு வரிசையின் தையல் விளிம்புகளை எல்லாம் இடப்பக்கம் மடக்கி இஸ்திரி போட வேண்டும். அடுத்த வரிசையை வலப்பக்கம். இரண்டு வரிசையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது மேடும் பள்ளமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றுகொள்ளும். மூலை நகராது. எல்லா அளவுப் பிசகையும் இது சரிசெய்யாது, ஆனால் சின்னப் பிசகைத் தாங்கும். அக்காவிடம் "சூப்பர்க்கா, பிரமாதம்!" என்று சொன்னவர்கள் உண்டு. இந்த இஸ்திரி விஷயத்தைச் சொன்னவர்கள் யாரும் இல்லை.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு சமூகம் உண்டு. கார், மின்சாரம் இவற்றிலிருந்து விலகி எளிமையாக வாழ்கிறவர்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் செய்யும் போர்வைகள் பிரசித்தம். அந்தப் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு தப்பு விடுவார்கள், முழுமை கடவுளுக்கு மட்டுமே சொந்தம் என்பதால் அந்த அடக்கம் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. பாரசீகக் கம்பளத்துக்கும் இதே கதையைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போர்வைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். கொஞ்சம் யோசித்தாலே கதையில் உள்ள ஓட்டை தெரியும். அடக்கத்துக்காக ஒரு தப்பு விட வேண்டுமென்றால் என்ன அர்த்தம்? அந்த ஒன்றை நானாக விடாவிட்டால் என் வேலையில் தப்பே இருந்திருக்காது என்று அர்த்தம். இதைவிடப் பெரிய கர்வம் உண்டா?

(குழந்தை கன்னத்தில் நம்மூரில் வைக்கும் திருஷ்டிப் பொட்டு இந்த ஜாதிதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் அம்மாக்கள் யாரும் அடக்கம் என்று பொய் சொல்வதில்லை. என் பிள்ளை அழகு, ஊர்க்கண் படும், அதற்காகப் பொட்டு. நேர்மையான ஏற்பாடு.)

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலில் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறார். தன்னைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறவன் நடுவில் நிற்கிறான். ஒரு பக்கம் பீற்றிக்கொள்கிறவன், மறுபக்கம் தன்னைக் குறைத்துச் சொல்கிறவன். இரண்டுமே உண்மையிலிருந்து விலகுவதுதான். பீற்றல்காரன் மோசம், மற்றவன் பரவாயில்லை என்று கொஞ்சம் சலுகை காட்டுகிறார். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குறைத்துக்கொள்வதும் சில நேரம் பீற்றல்தான் என்று சொல்லி, அதற்கு அவர் கொடுக்கிற உதாரணம் என்ன தெரியுமா? ஸ்பார்ட்டாக்காரர்களின் மிக எளிய உடை! இரண்டாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்னாலேயே துணியை வைத்துத்தான் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது.

அக்கா பீற்றிக்கொள்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் செய்வது தற்காப்பு. நீங்கள் குறை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டால் அடி விழாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிரம்பை எடுக்கும் முன்பே கையை நீட்டிவிடுகிற பையன் மாதிரி. இதில் நஷ்டம் இரண்டு பேருக்கு. பார்க்க வந்தவனுக்குத் தன் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு போச்சு. செய்தவருக்கு ஓர் உண்மையான கருத்தைக் கேட்கிற வாய்ப்பு போச்சு. "சேச்சே, நல்லாத்தானே இருக்கு" என்பதைத் தவிர நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவர் சொன்ன குறைகள் என்னை அந்தப் பொய்யை நோக்கித் தள்ளின. அடக்கம் என்ற பெயரில் நாம் அடுத்தவர் வாயிலிருந்து வசூலிக்கிற பொய்கள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் தன்னம்பிக்கை எங்கிருந்து வரும்? "உன்னை நம்பு" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. எதை வைத்து நம்புவது?

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்ட இடம். ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். இன்று அங்கே இருக்கும் பலர் அன்று அடிமைகளாக வேலை செய்த கறுப்பின மக்களின் சந்ததிகள். நிறையப் பேருக்குப் பெட்வே என்றே குடும்பப் பெயர், தோட்ட முதலாளியின் பெயர் அது. 1962-ல் அந்த மக்கள் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டன் நகரத்துக்குப் போக முயன்ற காலத்தில் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். திரும்ப ஓடியது 2006-ல்தான். நாற்பத்து நாலு வருடம்!

அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைத்தார்கள். பொழுது போகாமல் அல்ல. மரவீட்டுச் சுவர் இடுக்குகளில் குளிர் வரும். துணி வாங்கக் காசு இல்லை. வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டை, சட்டை, மாவு மூட்டைச் சாக்கு, கிடைத்ததெல்லாம் துணிதான். முட்டியில் வெளுத்த நீலம், பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம், இதெல்லாம் அப்படி அப்படியே போர்வையில் வந்தன. அளவு பிடித்து வெட்ட வசதியில்லை. ஒரு கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும், துணி தீர்ந்து போகும், வேறு நிறம் வந்து சேரும். கோணல் அங்கே தப்பில்லை. மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண்மணி 1942-ல் கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைத் துணிகளையே ஒட்டுப் போட்டு ஒரு போர்வை தைத்தார், அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள. மகளும் கூட இருந்து உதவினார்.

வழக்கமான மாதிரிகளும் அவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றி வளர்க்கிற 'வீட்டுக் கூரை' என்ற மாதிரி அங்கே ரொம்பப் பிரபலம். அதிலிருந்து விலகித் தன்போக்கில் தைத்ததற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'என் வழி'. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. என் வழி, முடிந்தது.

இந்தத் துணிச்சல் வானத்திலிருந்து விழவில்லை. அதைத்தான் கவனிக்க வேண்டும். அம்மாவிடம், அத்தையிடம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. துவைத்த போர்வைகளைக் கொடியில் காயப்போடுவார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருத்தி போட்ட சிவப்புப் பட்டையை இன்னொருத்தி மனதில் வாங்கிக்கொண்டு போய்த் தன் போர்வையில் வேறு மாதிரி போடுவாள். நம் ஊர் மார்கழிக் கோலம் இப்படித்தானே வளர்ந்தது? பால் வாங்கப் போகிற சாக்கில் தெருக்கோடி வரை நடந்து எதிர்வீட்டுக் கோலத்தின் புள்ளியை எண்ணிக்கொண்டு வருகிற பெண்களை நீங்கள் பார்த்ததில்லையா? யாரும் அதைக் காப்பி என்று சொன்னதில்லை. எண்ணிக்கொண்டு வந்தவள் மறுநாள் போடும்போது அதில் தானாக ஒரு தாமரை கூடியிருக்கும். வாசலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று "அந்த இழை கோணல்ங்க" என்று போகிற வருகிறவர்களிடம் யாரும் சொல்லிக்கொண்டிருப்பதும் இல்லை.

உந்துதல் என்கிறோமே, அது பெரும்பாலும் கொடியிலும் வாசலிலும்தான் கிடைக்கிறது. பீரோவில் கிடைப்பதில்லை. அக்காவின் நாலு போர்வையும் பீரோவில் இருந்ததில் எனக்கு வருத்தமே இதுதான். அந்த அபார்ட்மெண்டில் இன்னும் இரண்டு பேர் வீட்டில் தையல் மிஷின் தூசு படிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மொட்டை மாடிக் கொடியில் ஒரு நாள் அந்தப் போர்வை காய்ந்திருந்தால் அந்த மிஷின்கள் ஓடியிருக்கலாம்.

கீஸ் பெண்ட் கதை இன்னும் முடியவில்லை. 1990-களின் கடைசியில் வில்லியம் ஆர்னெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒரு போட்டோவைப் பார்க்கிறார். விறகுக் குவியலின்மேல் போட்டிருந்த ஒரு போர்வை. தேடிக்கொண்டு ஊருக்கே வந்து, அதைத் தைத்த ஆனி மே யங் என்ற எழுபது வயதுப் பெண்மணியைக் கண்டுபிடித்து, விலைக்குக் கேட்கிறார். கொசுவை விரட்டப் புகை போடுவதற்காகச் சில பழைய போர்வைகளை அப்போதுதான் எரித்திருந்தாராம்! நல்லவேளை, அந்தக் குறிப்பிட்ட போர்வை தப்பியிருந்தது. அதோடு சிலவற்றையும் சேர்த்துச் சில ஆயிரம் டாலருக்குச் செக் எழுதிக் கொடுத்தார் ஆர்னெட். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் கண்காட்சி, அதே வருடம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில். மத்தீஸ், பால் க்ளே என்று பெரிய ஓவியர்களின் பெயரைச் சொல்லி விமர்சகர்கள் ஒப்பிட்டார்கள். 2006-ல் தபால் தலையே வந்தது. மறு வருடம் சில பெண்கள், தங்களுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்று சேகரிப்பாளர் தரப்பின்மேல் வழக்குப் போட்டதும், அது பிறகு சமரசத்தில் முடிந்ததும் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். பணம் வந்த இடத்தில் வழக்கு வருவது புதிதா என்ன.

இப்போது என் பழைய பாடப்புத்தகத்தை எடுக்கிறேன். பி.காம். படித்தவர்களுக்குக் 'குட்வில்' நினைவிருக்கும். ஒரு வியாபாரத்தின் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை நீங்களே முப்பது வருடம் உழைத்துச் சம்பாதித்திருந்தால் அதை உங்கள் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. விதி அப்படி. வேறு ஒருவர் காசு கொடுத்து உங்கள் வியாபாரத்தை வாங்கினால், அவர் கூடுதலாகக் கொடுத்த தொகை அவருடைய புத்தகத்தில் குட்வில் என்று ஏறும். உங்கள் மதிப்பு அடுத்தவர் கணக்கில்தான் கண்ணுக்குத் தெரியும்!

கணக்கியலில் இதற்கு நியாயம் உண்டு. அவரவர் தன் மதிப்பைத் தானே எழுதிக்கொள்ள ஆரம்பித்தால் ஊரில் எல்லோரும் கோடீஸ்வரர்கள்தான். ஆனால் மனிதர்களும் இந்த விதியைத் தங்கள் மேலேயே பிரயோகித்துக்கொள்கிறார்களே, அதுதான் கொடுமை. ஆனி மே யங்கின் போர்வை விறகின்மேல் கிடந்தபோது பூஜ்யம், செக் எழுதிய நிமிடத்தில் கலையா? அதற்கு முன் அது குளிரைத் தாங்கவில்லையா? அதைத் தைக்கும்போது, இந்தத் துண்டுக்குப் பக்கத்தில் அந்தத் துண்டு வேண்டாம், இது போதும் என்று ஒவ்வொரு முறையும் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் எந்தக் கணக்கில் வரவு?

விதிக்குப் பயந்து நேர் எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். "மனசார செஞ்சா போதும், எல்லாமே அழகுதான்" என்கிற கட்சி. அதுவும் பொய். போர்வை என்பது துவைக்கிற பொருள். ஓட்டுத் தையல் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால் உள்ளே பஞ்சு உருண்டு திரண்டு மூலைக்குப் போய்விடும். கால் அங்குலத்துக்குப் பதில் நூலிழை விட்டுத் தைத்தால் நாலாவது துவைப்பில் தையல் வாய் பிளக்கும். உங்கள் மனசைப் பார்த்து அது பிளக்காமல் இருக்காது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் நேசிக்கிறவன் என்று அர்த்தம். நேசிக்கிறேன் என்று சொல்லி ஒப்பேற்றுகிறவன் என்று அர்த்தமில்லை.

எந்தத் தப்பு போர்வையின் வேலையைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை? எனக்குப் புலப்பட்ட அளவில் இதைப் பிரிக்கத் தெரிவதுதான் தன்னம்பிக்கை. அது ஓர் உணர்ச்சி என்பதைவிட ஓர் அறிவு. அக்காவின் பட்டியலில் மூலை சேராதது ஒன்றும் குடி முழுகவில்லை. சாயம் விட்டது கவனிக்க வேண்டியது. அடுத்த முறை வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட வேண்டும். நூல் சுருக்கிக்கொண்டது அவசியம் சரிசெய்ய வேண்டியது. நாலு குறையையும் ஒரே குரலில், ஒரே வருத்தத்தோடு சொன்னார் பாருங்கள், அங்கேதான் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வையில் மற்றதெல்லாம் கை போன போக்கு. ஓரத்தில் ஆரம்பித்து சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். சதுரமா, நீளமா, எந்த நிறம், எதற்கும் கட்டாயம் இல்லை. ஆனால் முடிக்கும்போது நாலு மூலையிலும் மடித்த துணியால் சின்னதாக ஒரு பூ வைத்தே ஆக வேண்டும். பூ இல்லாத போர்வை உடுத்தாத உடம்பு மாதிரி என்பது அவர்கள் எண்ணம். எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்று எவ்வளவு தெளிவு!

வேலை என்று சொன்னேனே, அது எல்லாப் போர்வைக்கும் ஒன்றல்ல. 1987 அக்டோபரில் வாஷிங்டனில், எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாக ஒரு ராட்சதப் போர்வையைத் திறந்தவெளியில் விரித்தார்கள். அன்று 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் 6 அடிக்கு 3 அடி, ஒரு மனிதனின் புதைகுழி அளவு. பெற்றவர்களும் நண்பர்களும் செய்தது. அதற்கு முன் ஊசியே பிடிக்காத பல பேர் அதில் உண்டு. பெயரை எழுத்து எழுத்தாக வெட்டித் தைத்தார்கள், சிலர் ஒட்டினார்கள். ஜீன்ஸ், கரடி பொம்மை, கடிதம் எல்லாவற்றையும் அதில் சேர்த்தார்கள். இன்று அது ஏறக்குறைய 50,000 துண்டுகளாக வளர்ந்து 54 டன் எடை. அதில் எந்த எழுத்து கோணல் என்று யாராவது குனிந்து பார்ப்பார்களா? பார்த்தால் அவனை என்ன சொல்வோம்?

அக்காவுக்கு இஸ்திரி விஷயம் இப்போது தெரியும். ஐந்தாவது போர்வையை ஆரம்பித்திருக்கிறார். பழைய நாலும் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. பேத்தி ஒன்றைக் கேட்டு அடம்பிடிப்பதாகக் கேள்வி.

ஹாரியட் பவர்ஸ் என்று ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் உருவம் உருவமாக வெட்டி ஒட்டித் தைத்து, 11 கட்டங்களில் ஒரு போர்வை செய்தார். 1886-ல் ஏதென்ஸ் என்ற ஊரில் பருத்திச் சந்தையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை பார்த்து மயங்கி விலை கேட்டார். எந்த விலைக்கும் தர முடியாது என்று ஹாரியட் சொல்லிவிட்டார். நாலைந்து வருடம் போனது. வீட்டில் கஷ்டம். தானே வந்து, பத்து டாலர் கேட்டார். ஜென்னி ஸ்மித்திடம் ஐந்துதான் இருந்தது. கணவர் சொன்னதன் பேரில் ஐந்துக்கே கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிற கதை என்ன என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். வாங்கியவர் அதை எழுதி வைத்துக்கொண்டார். அதனால்தான் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கும் அந்தப் போர்வையைப் பார்க்கிறவர்களுக்கு எது ஆதாம், எது ஏவாள் என்று புரிகிறது. விற்ற பிறகும் ஹாரியட் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து தன் போர்வையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.